‘பிரச்சினை எதுவும் இல்லை’ என்ற வரி பிறக்கும் அறை

படியேறும்போதே ஓர் இரைச்சல் காதில் விழுகிறதா? சீலிங் ஃபேன் என்று நினைத்துவிடாதீர்கள். நான்கைந்து கம்ப்யூட்டர்கள் ஒரே சமயத்தில் முழு வேகத்தில் ஓடுகிற சத்தம் அது. பெங்களூருவில் ஒரு வாடகை வீட்டின் மூன்றாவது மாடி. கதவு சாத்தவில்லை. தரையெல்லாம் வயர், பார்த்துக் கால் வையுங்கள்.

உள்ளே இரண்டு பேர். காதில் பென்சில் செருகிய ஒரு தம்பி, தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டு திரையை முறைக்கிற ஒரு பெண். இருவரும் பிட்காயின் நோடு மென்பொருளுக்குச் சோதனை எழுதுகிறவர்கள். இந்த அறைக்குள் வந்து பார்க்க வேண்டும் என்று எனக்கு எத்தனை நாள் ஆசை! பிட்காயின் என்றாலே வெளியே விலைப் பேச்சுதான். இங்கே விலை காட்டுகிற திரை ஒன்றுகூட இல்லை. காலையிலிருந்து ராத்திரி வரை ஒரே வேலை: ஒரு குறிப்பிட்ட நிரலை எப்படியாவது தவறு செய்ய வைப்பது. கிடைக்கிற சந்தோஷமும் அது தவறு செய்தால்தான்!

அறையைச் சுற்றி ஒரு பார்வை விடுங்கள். முறுக்கு டப்பாவின் மேல் பச்சையாக ஒரு ராஸ்ப்பெர்ரி பை பலகை, விளக்கு மினுங்க ஓடிக்கொண்டிருக்கிறது. விசைப்பலகையில் பாதி எழுத்துகள் உதிர்ந்த பழைய லேப்டாப் ஒன்று. டேபிள் ஃபேன் இருக்கிறது, ஆனால் அது மனிதர்கள் பக்கம் திரும்பவில்லை. கம்ப்யூட்டருக்குக் காற்று, இவர்களுக்கு வியர்வை. தம்பியின் சட்டை முதுகோடு ஒட்டிக் கிடக்கிறது. “சூடானா வேகத்தைக் குறைச்சுடும்க்கா. நாங்க குளிச்சுக்கலாம், அது குளிக்க முடியாது” என்கிறான்.

இவர்கள் சீண்டுகிற பகுதியின் முழுப்பெயர் லிப்செக்பி256கே1. இங்கே எல்லோருக்கும் அது வெறும் ‘செக்பி’. பெல்ஜியத்தைச் சேர்ந்த பீட்டர் வூலே 2013-இல் தொடங்கிய சி மொழி லைப்ரரி. நான் உங்களுக்கு பிட்காயின் அனுப்பினால், அனுப்பியது நான்தான் என்பதற்கு, என் ரகசியச் சாவியால் போட்ட ஒரு டிஜிட்டல் கையெழுத்தும் கூடவே போகும். எந்தெந்தக் கணினியில் இந்த நோடு மென்பொருள் ஓடுகிறதோ அங்கெல்லாம் அந்தக் கையெழுத்து சரிபார்க்கப்படும். யாரும் யாரிடமும் கேட்பதில்லை, அவரவர் கணினி அவரவருக்குத் தீர்ப்புச் சொல்கிறது. அத்தனை தீர்ப்பும் ஒன்றாக இருந்தாக வேண்டும். ஒரு கணினி ‘சரி’ என்றும் இன்னொன்று ‘தப்பு’ என்றும் சொன்னால், கணக்கு இரண்டாகப் பிரிந்துவிடும்.

பிரியுமா என்று கேட்டேன். பிரிந்திருக்கிறதாம். 2013 மார்ச்சில், கையெழுத்தால் அல்ல, டேட்டாபேஸை மாற்றியதால். நோடு மென்பொருளின் 0.8 பதிப்பு ஏற்றுக்கொண்ட ஒரு பெரிய பிளாக்கை, அதாவது பரிவர்த்தனைக் கட்டை, பழைய பதிப்பு ஏற்க மறுத்தது. சில மணி நேரம் உலகத்தில் இரண்டு பிட்காயின் சங்கிலிகள்! பிளாக் உருவாக்கும் மைனர்களைப் பழைய பதிப்புக்குத் திரும்பச் சொல்லித்தான் மீட்டார்கள். அதற்கும் முன்னால், 2010 ஆகஸ்ட் 15 அன்று, 74,638-ஆவது பிளாக்கில் ஒரு கூட்டல் கணக்கு எல்லை மீறி வழிந்து, 18,400 கோடி பிட்காயின் ஒரே பரிவர்த்தனையில் முளைத்தது. மொத்தமே 2.1 கோடிக்கு மேல் வரக் கூடாது என்பது விதி! சில மணி நேரத்தில் திருத்தம் வந்துவிட்டது என்றாலும், இதைச் சொல்லும்போது அந்தப் பெண்ணின் குரல் கொஞ்சம் தாழ்கிறது. “அதைக் கேட்டப்புறம்தான் நான் கூட்டலையே நம்பறதில்லக்கா” என்கிறாள்.

“முதல்ல ஒரு வேடிக்கை காட்டறேன்” என்று தம்பி கருப்புத் திரையில் ஒரு வரி தட்டினான். கண்ணிமைக்கும் நேரத்தில் 101 பிளாக்குகள். நிஜ பிட்காயினில் பிளாக் ஒன்றுக்குச் சராசரி 10 நிமிடம், 101 வர ஏறக்குறைய 17 மணி நேரம். இது ‘ரெக்டெஸ்ட்’. இந்த அறைக்குள்ளேயே பிறந்து இந்த அறைக்குள்ளேயே முடிந்துபோகும் தனி பிட்காயின் உலகம். அது ஏன் 101? புதிதாக வெட்டியெடுத்த காயினைச் செலவழிக்க அதன் மேல் இன்னும் 100 பிளாக் அடுக்க வேண்டும் என்பது விதி. விளையாட்டு உலகத்திலும் அந்த விதிக்கு விலக்கு இல்லை. இப்போது தம்பி கையில் செலவுக்கு 50 காயின். “பாருங்கக்கா, தினமும் பணக்காரன் ஆகறேன். ஹவுஸ் ஓனர்தான் இதை வாடகையா வாங்க மாட்டேங்கிறார்!” அந்தக் காசை வைத்துப் போலிக் கையெழுத்துப் போடுவான், ஒரே காசை இரண்டு முறை செலவழிப்பான், ஒரு பைட்டைத் திருகிவிட்டு அனுப்புவான். ஒவ்வொரு முறையும் நோடு முகத்தில் அடித்தாற்போல் மறுக்க வேண்டும். மறுத்தால் இருவரிடமும் ஒரு சின்னத் தலையசைப்பு, அவ்வளவுதான்.

ஃபிரிட்ஜைப் பார்த்தீர்களா? கதவு முழுக்க மஞ்சள் ஒட்டுத்தாள்கள். ஒவ்வொன்றிலும் எண்ணும் எழுத்தும் கலந்த நீளமான கோர்வை. வீட்டுக்கார அம்மா வந்தபோது “இதுல எதுப்பா வைஃபை பாஸ்வேர்டு?” என்று கேட்டாராம். அவை ‘சீடு’கள். செக்பியின் சோதனை ஓடத் தொடங்கும்போது ஒரு சீடு எண்ணைத் திரையில் அச்சிடும். அதிலிருந்துதான் அந்த ஓட்டத்தின் எதேச்சை எண்கள் எல்லாம் புறப்படும். ஏதாவது உடைந்தால், அதே சீடைத் திரும்பக் கொடுத்து அதே உடைப்பை அச்சுப் பிசகாமல் திரும்ப நடத்திக் காட்டலாம். அந்தத் தாள்களில் இருப்பதெல்லாம் இவர்கள் எழுதிப் பழகிய நிரல்கள் உடைந்த ராத்திரிகள். காரணம் கண்டுபிடித்த தாளில் பேனாவால் குறுக்குக் கோடு. குறுக்குக் கோடு விழாத தாள் ஒன்று ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்தது. அது என்ன என்று கேட்டதும் இருவரும் ஒரே நேரத்தில் வேறெங்கோ பார்த்தார்கள்!

எதேச்சை எண் என்றேன். அதில்தான் எனக்கு ரொம்பப் பிடித்த கதை ஒளிந்திருக்கிறது. சாதாரணமாக எண்களைக் குலுக்கிப்போட்டால் பூஜ்யமும் ஒன்றும் கலந்து கலந்து வரும். செக்பியின் சோதனைக்காரர்கள் அப்படிக் குலுக்குவதோடு நிற்கவில்லை. வரிசையாகப் பூஜ்யங்கள், வரிசையாக ஒன்றுகள் என்று நீளநீளமாக வருகிற விசித்திர எண்களையும் வேண்டுமென்றே தயாரித்து உள்ளே தள்ளினார்கள். கணக்கில் அடுத்த இலக்கத்துக்குப் போக வேண்டிய மிச்சம் விட்டுப்போகிற மூலைகள் அங்கேதான் இருக்கும். தங்கள் விடையை ஓப்பன்எஸ்எஸ்எல் தருகிற விடையோடு ஒப்பிட்டும் பார்த்தார்கள். உலகமே நம்பிப் பயன்படுத்துகிற லைப்ரரி அது, பிட்காயினும் அதுவரை அதைத்தான் நம்பியிருந்தது.

ஒரு நாள் இரண்டு விடையும் ஒத்துவரவில்லை.

புதுசு தப்பா, பழசு தப்பா? யாராக இருந்தாலும் புதுசைத்தான் சந்தேகப்படுவோம். தப்பு ஓப்பன்எஸ்எஸ்எல்லில் இருந்தது! பெரிய எண்களை வர்க்கப்படுத்தும் இடத்தில், மிக மிக அரிதாக, விடை பிசகியது. 2014 நவம்பரில் வூலே அதை அவர்களிடம் தெரிவித்தார், 2015 ஜனவரியில் திருத்தம் வெளியானது. சாதாரணமாக எண்களைக் குலுக்கிக்கொண்டே இருந்தால் அந்தப் பிழை தட்டுப்பட, பெரும்பாலான கணினிகளில் 2-இன் 128-ஆம் அடுக்கில் ஒரு வாய்ப்பு. 39 இலக்க எண்ணில் ஒன்று! பிரபஞ்சத்தின் வயது முழுக்கக் குலுக்கினாலும் கிடைக்காது. கோணல் எண்களைத் தேடிப்போனவர்களுக்குக் கிடைத்தது. தம்பி இதைச் சொல்லி முடிக்கும்போது நாற்காலியிலிருந்து எழுந்தே நின்றுவிட்டான். எனக்கும் உட்கார முடியவில்லை.

டீ வந்தது. கீழ்க்கடையிலிருந்து பையன் கம்பிக் கூண்டில் கொண்டுவந்தான். எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு குடித்தோம். ஒரு சொட்டுகூட மேசையில் விழக் கூடாது என்று அந்தப் பெண் உத்தரவு. முன்பு ஒருமுறை விழுந்திருக்கிறது. எழுத்து உதிர்ந்த அந்த லேப்டாப்பைத் தம்பி பாவமாகப் பார்த்தான்.

டீயோடு அடுத்த காட்சி. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோம் அல்லவா? இந்தப் பானைக்கு அது பொருந்தாது. கையெழுத்துக் கணக்குக்குச் செக்பி பயன்படுத்தும் வளைகோட்டில் உள்ள புள்ளிகளின் எண்ணிக்கை 78 இலக்க எண். ஒன்றோ கோடியோ எடுத்துப் பார்த்து எல்லாம் வெந்துவிட்டது என்று சொல்ல முடியாது. அத்தனையையும் பார்க்கவும் முடியாது. அதனால் இவர்கள் செய்வது: அதே அடுப்பில், அதே கைப்பக்குவத்தில் ஒரு சின்னப் பானை வைத்து, ஒரு பருக்கை விடாமல் எல்லாவற்றையும் நசுக்கிப் பார்ப்பது! வளைகோட்டின் மாறிலிகளை மட்டும் மாற்றி, 13 புள்ளிகளே உள்ள குட்டிக் கணித உலகம் ஒன்று. எந்த இரண்டு புள்ளியைக் கூட்டினாலும் மொத்தம் 169 கணக்குதான். அடுத்து 199 புள்ளிகள் உள்ளது, 39,601 கணக்கு. எல்லா ரகசியச் சாவி, எல்லாக் கையெழுத்து என்று ஒன்றுகூடத் தப்பாது. “இங்க மட்டும்தான்க்கா ‘எல்லாம்’ங்கிற வார்த்தைய நான் தைரியமாச் சொல்லுவேன்” என்றாள் அவள். அந்தப் பெருமை அவளுக்குத் தகும்.

இப்போது அவள் பக்கத்துத் திரைக்கு வாருங்கள். இங்கே ஒரு தந்திரம் நடக்கிறது, எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கையெழுத்துச் சரியாக விழுந்தால் மட்டும் போதாது, போட எடுத்துக்கொண்ட நேரமும் ரகசியத்தைக் காட்டிக்கொடுக்கக் கூடாது. சாவியில் ஒரு இடத்தில் ஒன்று இருந்தால் இம்மியளவு அதிக நேரம், பூஜ்யம் இருந்தால் இம்மியளவு குறைவு என்றால், வெளியிலிருந்து நேரத்தை அளந்தே சாவியைப் பிடித்துவிடுவார்கள். அதை எப்படிச் சோதிப்பது? வேல்கிரைண்ட் என்றொரு கருவி. இன்னும் எதுவும் எழுதப்படாத நினைவகத்தை நம்பி நிரல் ஒரு முடிவு எடுத்தால், உடனே கூச்சல் போடும். அதனிடம் போய் ஒரு பொய்: “இந்த ரகசியச் சாவி இருக்கிறதே, இதில் இன்னும் எதுவும் எழுதப்படவில்லை.” அப்புறம் கையெழுத்துப் போட வைப்பார்கள். எந்த இடத்திலாவது நிரல் சாவியைப் பார்த்துப் பாதை பிரிந்தால் வேல்கிரைண்ட் வரி எண்ணோடு கத்தும்! 2010-இல் ஆடம் லேங்லி காட்டிய வழி இது. ஓப்பன்எஸ்எஸ்எல்லின் அந்த வர்க்கப் பிழையை 2014-இல் ஆராய்ந்தவர்களில் அவரும் ஒருவர் என்று தெரிந்தபோது, இந்த உலகம் எவ்வளவு சின்னது என்று தோன்றியது.

அவள் பலகையில் சாக்பீஸால் எழுதி வைத்திருக்கிறாள்: ‘கம்பைலருக்குப் புத்தி ஜாஸ்தி.’ சிரிக்காதீர்கள், இது எச்சரிக்கை. பாதை பிரியாதபடி மனிதர்கள் ஜாக்கிரதையாக எழுதுவார்கள். அதை இயந்திர மொழிக்கு மாற்றுகிற கம்பைலர், “இதை இன்னும் வேகமாகச் செய்யலாமே” என்று தானாகவே பாதை பிரித்துவிடும். 2023-இல் அதுதான் நடந்தது. கிளாங் என்ற கம்பைலரின் 14-ஆம் பதிப்பிலிருந்து அந்தச் சுட்டித்தனம் தொடங்கியிருந்தது, ஏப்ரலில் செக்பி 0.3.1 வெளியிட்டுச் சரிசெய்தார்கள். மூச்சு விடுவதற்குள் இன்னொரு கம்பைலரான ஜிசிசி 13 வேறொரு இடத்தில் அதையே செய்ய, மே மாதம் 0.3.2. செக்பியின் நிரலில் தப்பு இல்லை, நிரலைப் படித்தவன் மாற்றிப் படித்துவிட்டான். அதனால் புது கம்பைலர் வரும்போதெல்லாம் இந்தச் சோதனை முதலிலிருந்து ஓடும். வேல்கிரைண்டின் அடியில் ஓடுவதால் எல்லாம் பல மடங்கு மெதுவாக நகரும். இந்த இடைவெளியில்தான் முறுக்கு தீர்கிறது.

முறுக்கு டப்பா மேல் இருந்த பலகை நினைவிருக்கிறதா? அதற்கும் கதை உண்டு. ஒரே நிரல் எல்லா ஜாதிக் கணினியிலும் ஒரே பதில் சொல்ல வேண்டும். அதனால் ஏஆர்எம் சில்லில் ஒரு ஓட்டம், லினக்ஸுக்குள் வைன் என்ற மென்பொருளை வைத்து விண்டோஸாக ஒரு ஓட்டம். ஐபிஎம் மெயின்ஃப்ரேமைப் போலியாக லேப்டாப்புக்குள் எழுப்பி அதிலும் ஒரு ஓட்டம், ஏனென்றால் அது பைட்டுகளைத் தலைகீழ் வரிசையில் வைக்கும். அறையை அடைக்கிற இயந்திரம், முறுக்கு டப்பாவுக்குப் பக்கத்தில்! இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று நீங்கள் நினைக்கலாம். வேண்டும். ஓப்பன்எஸ்எஸ்எல்லை நம்பியிருந்த காலத்தில், சில வகைக் கோணல் கையெழுத்துகளை 64 பிட் லினக்ஸ் கணினி ஒரு விதமாகவும், 32 பிட் கணினியும் விண்டோஸும் வேறு விதமாகவும் படித்தன. யாராவது அப்படி ஒரு கையெழுத்தைத் தயாரித்து அனுப்பியிருந்தால் பிட்காயின் கணினி வகைவாரியாகப் பிளந்திருக்கும். கண்டுபிடித்தவர்கள் வாயைத் திறக்கவில்லை. பிஐபி 66 என்ற கறாரான விதியைக் கொண்டுவந்து, அது 2015 ஜூலையில் அமலான பிறகுதான் விஷயத்தைச் சொன்னார்கள். அத்தனை மாதம் அதை மனதில் வைத்துக்கொண்டு இயல்பாக நடமாடியிருக்கிறார்களே, அந்தப் பொறுமையை நினைத்தால் எனக்கு இன்னும் வியப்பு அடங்கவில்லை.

அந்த விதி அமலான பிறகுதான் 2016 பிப்ரவரியில், நோடு மென்பொருளின் 0.12 பதிப்பில், கையெழுத்தைச் சரிபார்க்கும் வேலை ஓப்பன்எஸ்எஸ்எல்லிடமிருந்து செக்பிக்குக் கைமாறியது. 64 பிட் இன்டெல் வகைக் கணினிகளில் சரிபார்ப்பு ஐந்து மடங்குக்கு மேல் வேகம்! வெளியே எல்லோரும் அந்த வேகத்தைக் கொண்டாடினார்கள். அதற்கு முன்னால் ஓடிய சோதனைகளையும் சேர்த்துக் கொண்டாட வேண்டும் என்பது என் கட்சி.

சுவரில் ஒரு குன்றின் படம், புத்தாண்டுக் காலண்டரிலிருந்து கத்தரித்தது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் இருக்கும் வைச்சுப்ரூஃப், உலகின் மிகச் சின்ன மலை என்று சொல்லப்படுவது. கூகுள்காரர்கள் தங்கள் குறியாக்கச் சோதனைத் தொகுப்புக்கு அதன் பெயரையே வைத்தார்கள், சின்ன மலை என்றால் ஏறி முடித்துவிடலாம் என்ற நம்பிக்கையில். பழைய லைப்ரரிகளை வீழ்த்திய கோணல் கையெழுத்துகளெல்லாம் அதில் வரிசையாக இருக்கின்றன. செக்பியும் அவற்றைத் தன் சோதனையில் சேர்த்துக்கொண்டிருக்கிறது. தம்பி வெளியே கிளம்பும்போதெல்லாம் அந்தப் படத்துக்கு ஒரு சலாம் வைப்பானாம்.

“சரி, இப்ப உங்க முறை” என்றான்.

என் முறையா? ஆமாம்! டெஸ்ட்டையே டெஸ்ட் செய்கிற விளையாட்டு இது. நல்ல நிரலில் வேண்டுமென்றே ஒரு பிழையை நட்டுவிட்டு, சோதனைகள் அதைக் கண்டுபிடிக்கின்றனவா என்று பார்ப்பார்கள். கண்டுபிடிக்காவிட்டால் சோதனையில் ஓட்டை. திரையை மேலும் கீழும் ஓடவிட்டு, நான் விரல் வைத்த இடத்தில் அவன் ஒரு கூட்டல் குறியைக் கழித்தலாக மாற்றினான். கம்பைல். ஓட்டம். சீடு அச்சானது, அடுத்த நொடியே கோப்பின் பெயர், வரி எண், ‘நிபந்தனை தோற்றது’ என்ற செய்தி. செத்தது பிழை! கைதட்டிவிட்டேன். வேறோர் இடம், ஒரு மாறிலியைக் கொஞ்சம் திருகினோம். அதுவும் செத்தது. எனக்கு வெறி ஏறிவிட்டது. இன்னொரு இடத்தில் விரல் வைத்தேன். ‘88-ஆகவோ அதற்கு மேலோ இருந்தால்’ என்பதை ‘88-க்கு மேல் இருந்தால்’ என்று மாற்றினான்.

காத்திருந்தோம். விசிறிகள் இரைந்தன. திரையில் வந்து நின்றது: ‘பிரச்சினை எதுவும் இல்லை.’

இரண்டு பேரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அவள் தன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தாள். “எதைடா மாத்தின?” “அக்கா காட்டினதைத்தான்.” பிழை உயிரோடு இருக்கிறது, சோதனை கண்டுகொள்ளவில்லை! இருவர் கண்ணிலும் ஒரு பளபளப்பு. நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். அவள் நிரலை மேலிருந்து படித்தாள், பென்சிலை வாங்கி டீக்கறைத் தாளில் ஏதோ போட்டாள், பிறகு சிரித்துவிட்டாள். பல புள்ளிகளைச் சேர்த்துக் கணக்கிட இரண்டு வழிகள் உள்ளே இருக்கின்றன. எண்ணிக்கை 88-ஐத் தொட்டால் இரண்டாவது வழி வேகம். எந்த வழியில் போனாலும் விடை ஒன்றுதான். நாங்கள் மாற்றியது எந்த இடத்தில் வழி மாறுவது என்பதை மட்டுமே.

“சே, நிஜ ஓட்டை கிடைச்சிடுச்சுன்னு நினைச்சேன்” என்று தம்பி அந்த வரியைப் பழையபடி மாற்றினான். நெற்றியைச் சட்டைக் கையால் துடைத்துக்கொண்டான். திரையை மறுபடி கீழே ஓடவிட்டான்.

“அக்கா, இன்னொரு இடம் காட்டுங்க. இந்தத் தடவை கூட்டல் இருக்கிற இடமாப் பாருங்க, அதுதான் ருசி.”